சர்க்கரை இறங்கியும் பாத எரிச்சல் ஏன் இறங்கவில்லை? நரம்புக்குள் குறியீடற்ற ஆர்.என்.ஏ செய்கிற வேலை

கேள்வி: “அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு வருடமாக நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் போகவில்லை. இதற்குக் காரணம் குறியீடற்ற ஆர்.என்.ஏ என்றும், ரத்தத்தில் அதை அளந்தாலே நரம்புச் சேதம் தெரிந்துவிடும் என்றும் படித்தேன். உண்மையா? அதை வைத்து மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?”

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் சர்க்கரைதான். சர்க்கரை செய்த கெடுதல், அது இறங்கிய பிறகும் நரம்பில் தங்கிப்போவதில் இந்த ஆர்.என்.ஏ-க்களுக்கு, அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்காமல் மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கிறவற்றுக்கு, பங்கு இருக்கிறது. அதற்கு நம்பத்தக்க சான்றுகள், பெரும்பாலும் எலிகளில், கிடைத்திருக்கின்றன. ரத்தப் பரிசோதனை, மருந்து இரண்டுமே ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் “சுகர் இறங்கியும் ஏன் எரிகிறது” என்ற உங்கள் அம்மாவின் கேள்விக்கு இந்தத் துறையில் அருமையான துப்புகள் இருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கால் கட்டைவிரலில் முள் குத்தினால் அதை உணர்கிற நரம்புச் செல்லின் உடல் காலில் இல்லை. இடுப்புப் பக்கம், முதுகுத்தண்டை ஒட்டி, எலும்புகளின் இடுக்கில் இருக்கிற சின்ன முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அந்த உடலின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் அதிலிருந்து புறப்படும் இழை விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே தயாராகிக் கீழே போக வேண்டும். வேகமாகப் போகிறவை ஒரு நாளில் 40 செ.மீ வரை போகும். இழையின் உள்சட்டத்தைக் கட்டுகிற புரதங்களோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும். அவை இடுப்பிலிருந்து விரலுக்குப் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். வரத்தில் கோளாறு என்றால் முதலில் அடிபடுவது கடைக்கோடி முனை. அதனால்தான் சர்க்கரை நரம்புப் பாதிப்பு இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போடுகிற இடம் முழுக்க ஏறி, முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல்களிலும் தலைகாட்டுகிறது. ஒரு காலில் மட்டும் எரிகிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ள நரம்புச் செல் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். மிஞ்சிய சர்க்கரையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. அந்த வேலையில், செல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கிற எதிர்-ஆக்சிஜனேற்றச் சேமிப்பு கரைகிறது. இன்னொரு பக்கம் சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா திணறி, அபாயமான ஆக்சிஜன் வகைகளைக் கக்குகிறது. நரம்புக்கே ரத்தம் கொடுக்கிற நுண்குழாய்கள் தடித்துப்போகின்றன. இழையைச் சுற்றி உறை போர்த்திப் பராமரிக்கிற ஷ்வான் செல்களும் தடுமாறுகின்றன. இதில் ஏதாவது ஒன்றை மட்டும் அடைத்தால் போதும் என்று நினைத்து எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிந்தன. ஆல்டோஸ் ரிடக்டேஸ் தடுப்பான்களில் பலவும் பெரிய சோதனைகளில் தேறவில்லை. அவற்றில் ஒன்றான எபால்ரெஸ்டாட் ஜப்பான், இந்தியா போன்ற சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வியின் முடிச்சுக்கு வருவோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை டி.சி.சி.டி என்ற ஆய்வு நடந்தது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,441 பேர். ஒரு பாதிக்குத் தீவிரக் கட்டுப்பாடு, மறு பாதிக்கு அப்போதைய வழக்கமான சிகிச்சை. தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வருவது சுமார் 60% குறைந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் நரம்பு காப்பாற்றப்படும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்குமே தீவிரச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. சில வருடங்களில் இரண்டு குழுக்களின் எச்.பி.ஏ.1.சி-யும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8 சதவீதத்தை ஒட்டி ஒன்றாகிவிட்டது. அப்புறம் வித்தியாசம் மறைந்துவிடும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? மறையவில்லை. 13, 14 வருடம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது, பழைய தீவிரக் குழுவில் 25 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு, பழைய வழக்கமான குழுவில் 35 சதவீதத்தினருக்கு. இத்தனைக்கும் அந்தக் காலம் முழுக்க இரு தரப்பிலும் சர்க்கரை ஏறத்தாழ ஒன்றுதான்.

மருத்துவர்கள் இதை வளர்சிதை நினைவு என்கிறார்கள். பழைய சர்க்கரையை உடம்பு மறப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு இருக்கக்கூடிய இரண்டாம் வகையில் நிலைமை இன்னும் சிக்கல்: சர்க்கரையை மட்டும் இறுக்கிப் பிடிப்பதால் நரம்புக்குக் கிடைக்கிற லாபம் முதல் வகையில் கிடைத்ததைவிட மிகக் குறைவு. எடை, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் அங்கே சேர்ந்துகொள்கின்றன.

சரி, அந்த நினைவு செல்லுக்குள் எங்கே எழுதி வைக்கப்படுகிறது? டி.என்.ஏ-வின் எழுத்துகள் மாறுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்கிற அமைப்பு மாறுகிறது. டி.என்.ஏ-மேல் ஒட்டும் மெத்தில் குறிகள், அதைச் சுருட்டி வைத்திருக்கிற ஹிஸ்டோன் புரதங்களில் வரும் மாற்றங்கள், குறியீடற்ற ஆர்.என்.ஏ-க்கள் ஆகிய மூன்றும் அதில் பங்கெடுக்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துவிடுகின்றன என்பதால் ஆர்.என்.ஏ-வைத் தனியே குற்றவாளியாக நிறுத்துவது சரியாக இருக்காது.

மனித டி.என்.ஏ-வில் புரதம் செய்யும் குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான். மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது. புரதம் ஆகாத இவற்றில் ஒரு சிறு வகைதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. 22 எழுத்து நீளம், அவ்வளவே. 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற மரபணுவை ஆராய்ந்தபோது இதன் வேலை வெளிப்பட்டது. பல வருடம் அதைப் புழுவின் விநோதம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2000-ல் லெட்-7 என்ற இரண்டாவது ஆர்.என்.ஏ, புழு முதல் மனிதன் வரை அப்படியே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் துறை பற்றிக்கொண்டது. இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு.

வேலை செய்யும் விதம் எளிது. நீளமாகப் பிறக்கிற ஆர்.என்.ஏ-வை டைசர் என்ற நொதி 22 எழுத்தாக நறுக்குகிறது. அந்தத் துண்டு ஆர்கோனாட் என்ற புரதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன் 2 முதல் 8 வரையான எழுத்துகளுக்குப் பொருந்துகிற செய்தி ஆர்.என்.ஏ-க்களை (மரபணுவின் குறிப்பைப் புரதத் தயாரிப்புக்கு எடுத்துப்போகிறவை) தேடுகிறது. பொருந்தினால் அந்தச் செய்தியிலிருந்து புரதம் உருவாவது குறையும், செய்தியும் சீக்கிரம் சிதையும். ஏழே எழுத்துப் பொருத்தம் என்பதால் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடியும். ஆனால் ஒவ்வொன்றையும் அது அடியோடு நிறுத்துவதில்லை. பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகத்தான் அமுக்குகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது.

நரம்புக்கு இது உண்மையிலேயே முக்கியமா என்று பார்க்க 2010-ஐ ஒட்டி நேரடியான சோதனைகள் நடந்தன: குறிப்பிட்ட செல்லில் மட்டும் டைசரை நீக்கிவிட்டால் அந்தச் செல்லால் மைக்ரோ ஆர்.என்.ஏ தயாரிக்கவே முடியாது. ஷ்வான் செல்லில் டைசரை நீக்கிய சுண்டெலிகளில் நரம்பு உறை சரியாக உருவாகவே இல்லை. செல்கள் உறை போர்த்தும் கட்டத்துக்கு வராமல் பாதியில் நின்றுவிட்டன. லண்டனில் ஜான் வுட்டின் குழு வலியை உணரும் நரம்புச் செல்களில் மட்டும் டைசரை நீக்கியது. அந்தச் சுண்டெலிகளுக்குச் சூடும் குத்தலும் வழக்கம்போலத் தெரிந்தன. ஆனால் வீக்கத்தால் கூடுகிற வலி ஏறத்தாழ இல்லாமலே போனது. நரம்பைக் காயப்படுத்தி உண்டாக்குகிற வலியோ மாறாமல் வந்தது! எல்லா வலிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ-தான் அடிப்படை என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரை நரம்புப் பாதிப்பில் அதிகம் ஆராயப்பட்டது மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. 2006-ல் டேவிட் பால்டிமோரின் குழு இதன் வேலையைக் கண்டுபிடித்தது. கிருமியோ வேறு அபாயமோ வந்தால் செல்லில் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் கிளர்ந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். அதே புரதம் மிர்-146ஏ-வையும் கூடவே உருவாக்கவைக்கும். மிர்-146ஏ திரும்பப் போய், என்.எஃப்-கப்பா-பி-யைக் கிளப்புகிற ஐராக்1, ட்ராஃப்6 என்ற இரண்டு புரதங்களைக் குறைக்கும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாதிரி: தண்ணீர் ஏறுவதே சுவிட்சைத் தட்டிவிடுகிறது.

அந்தச் சுவிட்ச் சர்க்கரை நோயில் பழுதாகிறது. 2011-ல் வெளிவந்த சென்னை மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் மிர்-146ஏ குறைந்திருந்தது. அந்தக் குறைவு அழற்சியோடும் இன்சுலின் எதிர்ப்போடும் சேர்ந்தே வந்தது. அது நரம்பைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் நம் ஊர் நோயாளிகளிடமே இந்தச் சங்கிலி பார்க்கப்பட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நரம்பு விஷயத்தில் முக்கியமான வேலை அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழுவில் நடந்தது. அவர்கள் பயன்படுத்தியது டிபி/டிபி சுண்டெலி. பசி அடங்கிவிட்டது என்று சொல்கிற லெப்டின் சமிக்ஞை இதற்கு எடுபடாது. ஓயாமல் தின்று, கொழுத்து, இரண்டாம் வகையை ஒத்த சர்க்கரை நோய்க்கு ஆளாகும். இதன் முதுகோர நரம்பு முடிச்சுகளில் மிர்-146ஏ குறைந்திருந்தது, ஐராக்1-உம் ட்ராஃப்6-உம் ஏறியிருந்தன. 2017-ல் அதே குழு, செயற்கையாகத் தயாரித்த மிர்-146ஏ பிரதியை ரத்தநாளம் வழியாகச் செலுத்திப் பார்த்தது. நரம்பில் மின்துடிப்பு ஓடுகிற வேகம் கூடியது. இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் பெரிய நரம்பில் ரத்த ஓட்டம் மேம்பட்டது. அழற்சி தணிந்தது. நோய் வந்த பிறகு கொடுத்தும் பலன் தெரிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மனிதர்களில்? இத்தாலிய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், மிர்-146ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து ஜி-க்குப் பதில் சி-யாக இருக்கிற வகை, நரம்புப் பாதிப்பு குறைவாக வருவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆர்வமான செய்திதான், ஆனால் ஆய்வு சிறியது. எழுத்து ஒன்றை வைத்து யாருக்கு நரம்பு கெடும் என்று ஜோசியம் சொல்கிற அளவுக்கு அதில் பலம் இல்லை.

மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மிர்-25 சர்க்கரைச் சுண்டெலியின் நரம்பில் குறைகிறது. அது குறைந்தால் ஆக்சிஜன் நஞ்சை உருவாக்குகிற நாக்ஸ்4 என்ற நொதி தலைதூக்குகிறது. கனடாவில் டக்ளஸ் ஸோகோட்னியின் குழு, நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் நரம்பு முடிச்சில் லெட்-7ஐ குறைந்தும் மிர்-341 கூடியும் இருப்பதைப் பார்த்தது. முதலாவதை ஈடுசெய்தபோதும் இரண்டாவதை அடக்கியபோதும் நரம்பு தேறியது. நல்ல ஆய்வு. ஆனால் ஒரு சங்கடம்: மிர்-341 மனிதர்களிடம் கிடையாது, எலி இனங்களிடம் மட்டும் இருப்பது. சுண்டெலியில் கண்டதை மறுநாளே மனிதனுக்கு மாற்றி எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

200 எழுத்துக்கு மேல் நீளமான ஆர்.என்.ஏ-க்கள் தனிக் கூட்டம். அவை வேலை செய்கிற விதங்களும் பல. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சர்க்கரை நோயிலிருந்து வந்ததல்ல, நரம்புக் காய ஆய்விலிருந்து வந்தது. வலி நரம்பு தேவையில்லாமல் துடிக்காமல் இருக்க, அதன் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் வேண்டும். அப்படி ஒரு வாசலைச் செய்கிற மரபணு கே.சி.என்.ஏ2. டி.என்.ஏ-வுக்கு இரண்டு இழைகள் உண்டல்லவா? ஒன்றிலிருந்து வாசலுக்கான செய்தி ஆர்.என்.ஏ பிறக்கிறது. அதே இடத்தில் எதிர் இழையிலிருந்து இன்னொரு நீண்ட ஆர்.என்.ஏ பிறக்க முடியும். அது முதலாவதற்கு எழுத்துக்கு எழுத்து எதிரிணை. சாதாரண நாட்களில் இந்த எதிரிணை கொஞ்சமே இருக்கும். எலிகளில் நரம்பு காயப்பட்டதும் நரம்பு முடிச்சில் அது பெருகியது, வாசல் புரதம் குறைந்தது, நரம்பு எளிதில் துடிக்கத் தொடங்கியது, வலி வந்தது. காயமே இல்லாத எலியில் எதிரிணையை மட்டும் கூட்டினாலும் வலி அறிகுறி வந்தது. 2013-ல் யுவான்-சியாங் டாவோவின் குழு வெளியிட்டது. ஓர் ஆர்.என்.ஏ, ஒரு மரபணு, ஒரு வாசல், ஒரு விளைவு என்று இவ்வளவு துல்லியமாக இணைத்துக் காட்டிய ஆய்வுகள் இந்தத் துறையில் கொஞ்சம்தான்.

வட்டமாக மூடிக்கொள்கிற ஆர்.என்.ஏ-க்களும் உண்டு. முனை இல்லாததால் சீக்கிரம் சிதையாது. சில மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூளையில் நிறைய இருக்கிற சி.டி.ஆர்1-ஏ.எஸ் என்ற வட்டத்தில் மிர்-7 உட்கார 70-க்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. சர்க்கரை எலிகளிலும் சில வட்ட ஆர்.என்.ஏ-க்கள் கூடுவதாக ஆய்வுகள் வந்துள்ளன. ஆனால் “இந்த வட்டம் அந்த மைக்ரோவைப் பிடிக்கிறது, அது இந்தப் புரதத்தை விடுவிக்கிறது” என்று அம்புக்குறி போட்டு எழுதும் கட்டுரைகளில் பாதியை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஒரு செல்லில் அந்த வட்டம் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கைந்து பிரதியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களைக் கட்டிப்போட முடியாது.

ஆர்.என்.ஏ செல்லுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும் இல்லை. செல்கள் எக்ஸோசோம் என்ற நுண்பைகளைக் கழற்றி விடுகின்றன. உள்ளே மைக்ரோ ஆர்.என்.ஏ இருக்கும், பக்கத்துச் செல் அதை விழுங்கும். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், அதிகச் சர்க்கரையில் வளர்த்த ஷ்வான் செல்கள் விட்ட பைகளில் மிர்-28, மிர்-31ஏ, மிர்-130ஏ கூடியிருந்தன. அவை நரம்பிழை வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களைக் குறைத்தன, சர்க்கரை எலிகளின் நரம்புப் பாதிப்பையும் முடுக்கின. இதற்கு மறுபக்கமாக, டெட்ராய்ட் குழு 2020-ல், ஆரோக்கியமான ஷ்வான் செல்களின் பைகளைச் சர்க்கரைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது நரம்பு மேம்பட்டது. நரம்பிழையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற செல்லே, தான் வளர்ந்த சூழலைப் பொறுத்து, காப்பாற்றவும் செய்கிறது, கெடுக்கவும் செய்கிறது. அதிகச் சர்க்கரை நரம்புச் செல்லை நேரடியாகத் தாக்காத நேரத்திலும் சேதம் தொடர இது ஒரு வழியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

இன்னும் விநோதமானது ஒன்று. 2014-ல் ரு-ரோங் ஜி-யின் குழு, செல்லுக்கு வெளியே மிதக்கிற லெட்-7பி நேராக வலி நரம்பின் டி.எல்.ஆர்7 என்ற ஏற்பியில் ஒட்டி, டி.ஆர்.பி.ஏ1 என்ற வாசலைத் திறந்து, சில நொடிகளில் நரம்பைத் துடிக்கவைக்கும் என்று காட்டியது. அங்கே மரபணுவை அமுக்குகிற வேலையே நடக்கவில்லை. ஆர்.என்.ஏ-வே வலிப்பொருளாகிவிட்டது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இது நடக்கிறதா என்பது திறந்த கேள்வி.

இனி ரத்தப் பரிசோதனை விஷயம். ஏன் இதுவரை வரவில்லை? ரத்தத்தில் மிதக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ நரம்பிலிருந்துதான் வந்தது என்று சொல்ல வழியில்லை. கல்லீரல், ரத்த அணு, ரத்தக்குழாய் எல்லாம் கொட்டுகின்றன. ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலே மிர்-451, மிர்-16 போன்றவை வழிந்து கணக்கைக் குலைத்துவிடும். மாதிரியை எத்தனை மணி நேரம் வெளியே வைத்திருந்தார்கள், எதை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதிலெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம். அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ ஓர் ஆய்வில் ஏறியும் இன்னொன்றில் இறங்கியும் தெரிகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் ஆட்களும் குறைவு. சர்க்கரை நோய் மட்டும் இருப்பவரையும் அதோடு நரம்புப் பாதிப்பும் இருப்பவரையும் பிரித்துக்காட்டுவதுதான் பரிசோதனைக்கு அழகு. நிறைய ஆய்வுகள் நோயாளியை ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று எழுதிவிடுகின்றன. அதோடு, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பாதத்தைச் சோதித்துவிடலாம். இவற்றைவிட முந்திக் கண்டுபிடித்தால்தான் ரத்தப் பரிசோதனைக்கு வேலையே இருக்கிறது. நுண் நரம்பிழைகள் கெடுகிற ஆரம்பக் கட்டத்தை இந்த இரண்டும் தவறவிடும் என்பதால், அங்கே ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கு வருவோம். ஆர்.என்.ஏ-வைக் கொண்டு நரம்பு நோய்க்கு மருந்து செய்ய முடியும் என்பது ஏற்கெனவே நிரூபணம் ஆகிவிட்டது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான், ஆர்.என்.ஏ குறுக்கீட்டு முறையில் வந்த உலகின் முதல் மருந்து. அது ஒரு நரம்பு நோய்க்குத்தான். பரம்பரையாக வரும் அந்த நோயில் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் உருக்குலைந்து நரம்பில் படிகிறது. மருந்து அந்தப் புரதத்தின் செய்தி ஆர்.என்.ஏ-வை வெட்டிவிடுகிறது. இந்த வெற்றிக்குக் காரணம் அந்தப் புரதம் பெரும்பாலும் கல்லீரலில் தயாராகிறது என்பதுதான். ரத்தத்தில் செலுத்துகிற ஆர்.என்.ஏ மருந்துகள் எப்படியும் கல்லீரலில் போய்க் குவியும். அங்கேயே வேலை இருந்ததால் காரியம் கைகூடியது. சர்க்கரை நரம்புப் பாதிப்பில் நாம் போய்ச் சேர வேண்டியது இடுப்போர முடிச்சுக்கும், கால் முழுக்கப் பரவிக்கிடக்கிற ஷ்வான் செல்களுக்கும். முடிச்சில் ரத்தக்குழாய்ச் சுவர் இயல்பாகவே கொஞ்சம் கசிகிற வகை என்பது சாதகம். நரம்புத் தண்டைச் சுற்றி இருக்கிற தடுப்பு பாதகம்.

குறிப்பிட்ட ஒரு செய்தியை வெட்டுவது வேறு, நூறு மரபணுக்களைத் தொடுகிற மைக்ரோ ஆர்.என்.ஏ-வை உள்ளே அனுப்புவது வேறு. மிர்-34ஏ-வின் பிரதியாகப் புற்றுநோய்க்குச் சோதிக்கப்பட்ட எம்.ஆர்.எக்ஸ்34, கடுமையான நோயெதிர்ப்புப் பின்விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. ஆல்போர்ட் சிறுநீரக நோய்க்கு மிர்-21-ஐ அடக்குகிற லாடிமிர்சென், பலன் தெரியாததால் 2022-ல் நின்றது. புற்றுநோயில் மாதக்கணக்கில் கொடுத்தால் போதும் என்ற துணிவு அங்கே உண்டு. சர்க்கரை நோயாளிக்கு வருடக்கணக்கில் கொடுக்க வேண்டியதற்குப் பாதுகாப்பு வேலி இன்னும் உயரமாக வேண்டும். சுண்டெலியின் கால் நரம்பு சில சென்டிமீட்டர்தான், நம்முடையது ஒரு மீட்டர் என்பதையும் மறக்க வேண்டாம். சுண்டெலிக்குச் சில வாரச் சர்க்கரை, உங்கள் அம்மாவுக்கு 12 வருடம். சுண்டெலியில் தேறி மனிதரிடம் தோற்ற சர்க்கரை நரம்பு மருந்துகளின் வரிசை நீளமானது. என்னைக் கேட்டால், மிர்-146ஏ அல்லது அதைச் சுமந்த எக்ஸோசோம் முதலில் மனிதச் சோதனைக்கு வர வாய்ப்புள்ள வேட்பாளர். அதுவும் வலிக்கான மாத்திரையாக அல்ல, நரம்பை மீட்கிற முயற்சியாக.

அதுவரை யாராவது ஆர்.என்.ஏ ஊக்கி, எக்ஸோசோம் ஊசி என்று பாத எரிச்சலுக்கு விற்க வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது பார்க்க வேண்டியவை வேறு. அவர் மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைவும் இதே மாதிரி மதமதப்பைக் கொடுக்கும், அதுவும் சரிசெய்யக்கூடியது. பி12, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எரிச்சலைக் குறைக்க டுலாக்ஸெடின், பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் என்று மருந்துகள் இருக்கின்றன. எது ஒத்துக்கொள்ளும் என்பது அவருடைய வயது, சிறுநீரகம், இதயம், தூக்கம் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. இவை வலியைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. முதலில் எடுத்த மருந்து கேட்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாமல் அடுத்ததை முயன்று பார்க்கலாம்.

மதமதப்பு இருப்பதால் தினமும் இரவில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தில் மதிய வெயிலில் நடப்பது, வெந்நீரில் காலை வைத்துச் சூட்டைப் பார்ப்பது இரண்டும் வேண்டாம்.

ஒன்று விடுபட்டது. எரிச்சல் எப்போது கூடியது என்று தேதி பாருங்கள். பல வருடம் அதிகமாக இருந்த எச்.பி.ஏ.1.சி, மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் சடாரென்று இறங்கினால், இறங்கிய சில வாரங்களில் கடும் பாத எரிச்சல் வருவது உண்டு. இன்சுலினிலும் வரும், மாத்திரையிலும் வரும். பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல அடங்கும். ஒரு வருடமாகக் கட்டுப்பாடு என்கிறீர்கள், அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு வேகமாக வந்தது என்பது அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளில் இருக்கும். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, எரிச்சல் தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.